கல்லீரல் செயலிழந்தவரை ஐசியூவில் சேர்ப்பதில் இருந்து மாற்று அறுவைக்குப் பிறகு வரை: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆம்புலன்ஸில் ஆளை ஏற்றியதும் டிரைவர் கேட்பது ஒன்றுதான்: "எங்க போகணும்?" குமரி மாவட்டத்தில் இதற்குப் பல பதில்கள் உண்டு. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி கைக்கெட்டும் தூரம். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், திருநெல்வேலி 80, மதுரை 240 சொச்சம், சென்னை 700. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் இன்னும் கிட்ட. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்குத் திருநெல்வேலி தோது. கல்லீரல் நோய் முற்றியவர் வீட்டில் இருக்கிறார் என்றால், இந்தப் பதிலை ராத்திரி ஒரு மணிக்கு யோசிக்கிற நிலைமை வரக்கூடாது.

ஐசியூ செய்வது நேரம் வாங்கித் தருவது. வாங்கிய நேரத்தில் கல்லீரல் தானாகத் தேறப்போகிறதா, மாற்று அறுவைக்குப் போகப்போகிறோமா, இரண்டும் இல்லையா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நம் பக்கம் இதைக் கடைசி நாளில்தான் கேட்கிறார்கள். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் குறையட்டும் என்று சின்ன ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் காத்திருந்து, சிறுநீரகமும் நின்ற பிறகு வண்டி பிடிப்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது.

படி 1: எந்த வகைச் செயலிழப்பு என்று கேளுங்கள்

"லிவர் ஃபெயிலியர்" என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே மூன்று நிலைமைகள் இருக்கின்றன.

முதலாவது திடீர்ச் செயலிழப்பு. கல்லீரல் நோயே இல்லாமல் இருந்தவருக்கு மஞ்சள் காமாலை வந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ நினைவு தடுமாறும். ஹெபடைடிஸ் ஏ, ஈ, பி வைரஸ்கள், அளவு மீறிய பாராசிட்டமால், காசநோய் மாத்திரைகள், சில நாட்டு மருந்துகள் இதற்குக் காரணம் ஆகலாம். தமிழ்நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். அதைச் சாப்பிட்டவர் முதல் ஓரிரு நாளில் வாந்தி நின்று, தெளிவாகப் பேசிக்கொண்டு, கஞ்சி குடித்துக்கொண்டு இருப்பார். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். கல்லீரல் விழுவது அதற்கப்புறம்தான். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பல நாள் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்று வசதி உள்ள இடத்துக்குச் சீக்கிரம் போனால் பலரைக் காப்பாற்ற முடிகிறது. தேறி வந்தவரை யாரும் குத்திப் பேசாதீர்கள். மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் 104 உதவி எண்ணை அழைத்தாலும் பேச ஆள் கிடைப்பார்கள்.

இரண்டாவது, சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், முற்றுவது. மது, ஹெபடைடிஸ் பி, சி, சர்க்கரையோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவை முக்கியக் காரணங்கள். குடிக்காதவருக்கு லிவர் கெடாது என்ற நினைப்பு ஊரில் இன்னும் இருக்கிறது. அதனாலேயே சர்க்கரை உள்ள பல பெண்கள் வயிறு வீங்கிய பிறகுதான் டாக்டரைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, பழுதான கல்லீரலின் மேல் புதிதாக விழும் ஓர் அடி. கிருமித்தொற்று, விடாத குடி, புது வைரஸ், ஒவ்வாத மருந்து, ஏதோ ஒன்று. சில வாரங்களுக்குள் சிறுநீரகம், மூளை, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். எத்தனை உறுப்புகள் நின்றுவிட்டன என்பதைப் பொறுத்து இதை 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். 3 என்றால் மிகக் கடுமை.

முதல் வகையில் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். இரண்டாவதில் திட்டமிட நேரம் உண்டு. மூன்றாவதில் நேரம் இருப்பது போலத் தெரியும், ஆனால் இருக்காது.

படி 2: வீட்டில் எதைக் கவனிப்பது

ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், சிறுநீர் வெகுவாகக் குறைவது, வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ வருவது: இவை எல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூளை பாதிக்கத் தொடங்குவதைத்தான் வீட்டில் கோட்டைவிடுகிறோம். முதல் அறிகுறி தூக்கம் மாறுவது. ராத்திரி முழுக்க விழித்திருப்பார், பகலில் உறங்கி வழிவார். அப்புறம் சம்பந்தமில்லாத கோபம், பழகிய வழியை மறப்பது. கையை முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துவது மாதிரி உள்ளங்கையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு நிற்காமல் தொய்ந்து தொய்ந்து எழுந்தால் எச்சரிக்கை. இன்னொரு வழி ஒரு பழைய நோட்டு. தினமும் காலையில் பேரும் ஊரும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரமாக "தக்கலை" என்று ஒழுங்காக எழுதியவர், ஒருநாள் "தக்" வரை எழுதி வரியை விட்டுக் கீழே இறங்கினால், வேறு பரிசோதனை வேண்டாம், கிளம்புங்கள். அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும்.

படி 3: முதல் சில மணி நேரம்

108-ஐ அழையுங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகளோ ஊசிகளோ வேண்டவே வேண்டாம். இந்த நோயாளிகளின் சிறுநீரகம் அவற்றைத் தாங்காது. சாப்பிட்டு வந்த எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துப் பாட்டில் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மறைக்காதீர்கள்.

காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பது நம் பக்கம் பரம்பரைப் பழக்கம். சாதாரண ஹெபடைடிஸ் ஏ தானாகவே ஆறிவிடும், பேர் பச்சிலைக்குப் போகும். ஆறாத சிலருக்குத்தான் அந்தக் காத்திருப்பு ஆபத்து. ஆகவே எந்தக் காமாலை என்றாலும் ஐ.என்.ஆர். பரிசோதனை ஒருமுறை எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையும் திறனைக் காட்டும் எண் அது. முன்பு கல்லீரல் நோய் இல்லாதவருக்கு அது 1.5-ஐத் தாண்டி, கூடவே நினைவும் தடுமாறினால் திடீர்ச் செயலிழப்பு என்று பொருள். பிலிருபின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

ரத்த வாந்தி என்றால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே முதலில் போங்கள். பெரும்பாலும் உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளம் வெடித்திருக்கும். அந்த நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் அல்லது டெர்லிப்ரெஸின், ஓர் ஆன்டிபயாடிக் ஆகியவற்றை அங்கேயே தொடங்கிவிடுவார்கள். எண்டோஸ்கோப்பி செய்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது 12 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். ரத்தம் ஏற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது: ஹீமோகுளோபின் 7-8 அளவில் நின்றால் போதும். "இன்னும் இரண்டு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று நச்சரிக்க வேண்டாம். அளவுக்கு மீறி ஏற்றினால் நாளத்தில் அழுத்தம் கூடி மறுபடி கசியும்.

படி 4: எங்கே மாற்றுவது

ஆள் ஓரளவு நிலைப்பட்ட பிறகுதான் நீண்ட பயணம். போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்: இரவிலும் எண்டோஸ்கோப்பி உண்டா, ஐசியூவில் மெதுவாக ஓடும் தொடர் டயாலிசிஸ் உண்டா, பிளாஸ்மா மாற்றம் செய்வார்களா, கல்லீரல் மாற்று டீம் அங்கேயே இருக்கிறதா, இப்போது படுக்கை காலியா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய் வாசலில் நிற்பவர்கள் நிறைய.

ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகிறவரை வென்டிலேட்டர் குழாய் போட்டுப் பாதுகாத்த பிறகே அனுப்புவது நல்லது. படந்தாலுமூடு தாண்டி வண்டி நெரிசலில் நிற்கும்போது வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

திருவனந்தபுரமா, தமிழ்நாட்டுக்குள்ளேயா? மலையாளம் நமக்குப் பிரச்சினை இல்லை, காப்பீட்டு அட்டைதான் பிரச்சினை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அப்புறம் மூளைச்சாவு கொடையாளர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையம், கேரளத்தில் கே-சோட்டோ (முன்பு மிருதசஞ்சீவனி). வெளிமாநிலத்தவருக்கு வரிசையில் எந்த இடம் என்று அந்த ஆஸ்பத்திரியின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். உயிருள்ள கொடையாளர் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை.

படி 5: ஐசியூவுக்குள் என்ன நடக்கிறது

கழுத்தில் ஒரு குழாய், மணிக்கட்டில் ஒன்று, மூக்கில் ஒன்று, சிறுநீர்ப் பையில் ஒன்று. பார்த்தாலே பயமாக இருக்கும். கழுத்துக் குழாய் மருந்துக்கு, மணிக்கட்டுக் குழாய் ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி காட்ட. மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடும் மருந்தும் போகும்.

மூளை: கெட்ட கல்லீரல் கழிவுகளை வடிகட்டாததால் அம்மோனியா ஏறும். சிரோசிஸ் உள்ளவருக்கு லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகிய மலம் போக வைப்பார்கள். "வயித்தாலே போகுது, மருந்தை நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டாம், அதற்குத்தான் அந்த மருந்து. தண்ணீராகப் போனால் மட்டும் நர்ஸிடம் சொல்லுங்கள். திடீர்ச் செயலிழப்பில் கதை வேறு: மூளையே வீங்கும். தலையை 30 டிகிரி உயர்த்தி, தொந்தரவு செய்யாமல், சோடியத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் காதருகே போய்ச் சத்தமாகக் கூப்பிட்டு எழுப்பப் பார்க்காதீர்கள்.

சர்க்கரை: கல்லீரல் நின்றால் ரத்தச் சர்க்கரை சட்டென்று விழும். விரலில் அடிக்கடி குத்திப் பார்ப்பது அதனால்தான்.

சிறுநீரகம்: ஐசியூவில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். கல்லீரல் கெட்டால் ரத்த ஓட்டம் தாறுமாறாகி, நல்ல சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்யும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் டெர்லிப்ரெஸினும் கொடுத்துப் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் டயாலிசிஸ். ஆல்புமின் பாட்டில் விலை அதிகம். பில்லைப் பார்த்து "சத்து ஊசிதானே, வேண்டாம்" என்று மறுத்துவிடாதீர்கள். வயிற்று நீரை 5 லிட்டருக்கு மேல் எடுத்தாலும், வயிற்று நீரில் கிருமி பிடித்தாலும், சிறுநீரகத்தைக் காப்பது அதுதான்.

கிருமித்தொற்று: வயிற்றில் நீர் உள்ள ஒவ்வொருவருக்கும் சேர்ந்த அன்றே ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். நீரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 250-ஐத் தாண்டினால் உடனே ஆன்டிபயாடிக். "நீர் சோதனை எடுத்தாச்சா?" என்று குடும்பத்தார் தைரியமாகக் கேட்கலாம்.

ரத்தக் கசிவு: ஐ.என்.ஆர். ஏறியிருக்கிறது என்பதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்ற மாட்டார்கள். ரத்தம் கசியாதபோது ஏற்றினால் நீர்ச்சுமை கூடும், கல்லீரல் தேறுகிறதா என்று காட்டும் எண்ணும் பொய் சொல்லும். எலி பேஸ்ட் போன்றவற்றில் செய்யும் பிளாஸ்மா மாற்றம் வேறு சமாச்சாரம். அது பழைய பிளாஸ்மாவை எடுத்துவிட்டுப் புதியதைக் கொடுப்பது.

சாப்பாடு: புரதம் கொடுத்தால் மயக்கம் வரும் என்ற பழைய பேச்சை விட்டுவிடுங்கள். சிரோசிஸ் நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம்.

வெளியே காத்திருக்கும் வீட்டார் தினமும் ஒரே ஆளை டாக்டரிடம் பேச அனுப்புங்கள். துபாயில் இருந்து மாமா, குலசேகரத்தில் இருந்து மைத்துனர் என்று ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டால் யாருக்கும் முழுப் படம் கிடைக்காது. கேட்க வேண்டியவை: நேற்றைவிட ஐ.என்.ஆர். எப்படி, சிறுநீர் எவ்வளவு, ரத்த அழுத்த மருந்து கூடியதா குறைந்ததா, நினைவு எப்படி.

படி 6: மாற்று அறுவை தேவையா

சிரோசிஸில் மெல்ட் என்றொரு மதிப்பெண் போடுவார்கள். பிலிருபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் வைத்து 6-இல் இருந்து 40 வரை. இப்போது சோடியத்தையும் சேர்க்கிறார்கள். 15-ஐத் தொட்டாலே மாற்று பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். பேசத் தொடங்குவது அறுவைக்குச் சம்மதிப்பது ஆகாது, பதறாதீர்கள்.

கட்டுக்குள் வராத கிருமித்தொற்று, கல்லீரலுக்கு வெளியே பரவிய புற்றுநோய், கடுமையான இதய நுரையீரல் நோய் இருந்தால் செய்ய முடியாது. குடியால் கெட்டவருக்கு ஆறு மாதம் நிறுத்தினால்தான் என்பது முன்பு கறாரான விதி. இப்போது பல மையங்கள் ஆளையும் குடும்பத் துணையையும் பார்த்து முடிவெடுக்கின்றன. ஆனாலும் நிறுத்தாமல் கதவு திறக்காது.

முடியாது என்று வந்தால் அதையும் நேராகக் கேளுங்கள். வென்டிலேட்டரில் வைத்துக்கொண்டே போவதா, வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசுவது கைவிடுவது ஆகாது. நிலத்தை விற்றபின் நடக்கும் பேச்சாக அது இருக்க வேண்டாம்.

படி 7: கல்லீரல் யார் தருவது

இந்தியாவில் முதலில் வெற்றி கண்ட கல்லீரல் மாற்று 1998-இல் டெல்லியில் நடந்தது. பெற்றது காஞ்சிபுரத்துக் குழந்தை, கொடுத்தது அப்பா. இன்றும் நம் நாட்டில் பெரும்பாலும் வீட்டு ஆட்களே தருகிறார்கள்.

1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2011 திருத்தமும் நெருங்கிய உறவு என்று சொல்வது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். சித்தப்பா மகனோ மச்சானோ என்றால் அங்கீகாரக் குழு முன் போக வேண்டும். பணம் கைமாறினால் குற்றம். ஆதார், ரேஷன் கார்டு, திருமணப் பதிவு, பிறப்புச் சான்று ஆகியவற்றில் பேர் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் தகப்பன் பேர் இனிஷியலாகவும் மற்றதில் முழுசாகவும் இருந்தாலே நாள்கணக்கில் இழுக்கும்.

கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ரத்த வகை பொருந்த வேண்டும், கல்லீரலில் கொழுப்பு அதிகம் இருக்கக் கூடாது. பெரியவருக்கு என்றால் பெரும்பாலும் வலது பக்கத்தை, ஏறக்குறைய 60 சதவீதத்தை எடுப்பார்கள். மீதம் குறைந்தது 30 சதவீதமாவது கொடுப்பவரிடம் நிற்க வேண்டும். சில மாதங்களில் பெரும்பகுதி வளர்ந்துவிடும். ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிதாக, ஆயிரத்தில் சில பேர் அளவில், கொடுப்பவர் உயிரிழந்ததும் உண்டு.

வீட்டில் இதைப் பேசும்போது எல்லார் பார்வையும் மருமகள் மேலோ அம்மா மேலோதான் போய் நிற்கும். அந்தப் பெண்ணிடம் மற்றவர்கள் இல்லாதபோது டாக்டர் தனியாகப் பேச வழி செய்யுங்கள். "எனக்கு வேண்டாம்" என்றால், "உடல் பொருந்தவில்லை" என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லி மையமே அவரைக் காப்பாற்றும்.

மூளைச்சாவு கொடைத் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. 2023 முதல் கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு. வரிசை மெல்ட், ரத்த வகையைப் பொறுத்து நகரும். அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சென்னையில் பதிந்துவிட்டுக் கொல்லங்கோட்டில் உட்கார்ந்திருந்தால் நடக்காது. போன் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

படி 8: பணம்

தனியாரில் 20 லட்சத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தரப்பில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கல்லீரல் மாற்று நடக்கிறது. அரசுக் காப்பீட்டு உதவியை அந்தந்த ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கேளுங்கள். முதல்வர், பிரதமர் நிவாரண நிதிக்கும் மனு போடலாம். அறுவைக்குப் பிந்திய மருந்துச் செலவு வாழ்நாள் முழுக்க வரும், அதை மறந்துவிடாதீர்கள்.

படி 9: அறுவைக்குப் பிறகு ஐசியூ

அறுவை 8 முதல் 12 மணி நேரம், சில சமயம் கூடுதல். முதல் இரண்டு மூன்று நாளில் கவனிப்பது, புதுக் கல்லீரல் வேலையைத் தொடங்கியதா என்று. ரத்தத்தில் லாக்டேட் இறங்கும், ஐ.என்.ஆர். இறங்கும், ஆள் தெளிவார். கல்லீரல் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்தால் கல்லீரலே போய்விடும், அதனால் தினமும் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு ஆகியவற்றை உடனே தொடங்குவார்கள். சிலருக்குக் கை நடுக்கம், குழப்பம், கெட்ட கனவு வரும். மருந்தாலும் ஐசியூ சூழலாலும் வருவது, பெரும்பாலும் போய்விடும். உள்ளே பூ, பிரசாதம், வெளிச் சாப்பாடு எதுவும் வேண்டாம். சளி இருப்பவர் உள்ளே போகவே கூடாது.

படி 10: ஊருக்குத் திரும்பிய பிறகு

டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 8 என்றால் இரவும் 8. மெடிக்கலில் சும்மா வாங்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சை மாத்திரை எல்லாம் அதன் அளவை ஏற்றிவிடும். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். பம்ளிமாஸ் பழம் வேண்டாம். நாட்டு மருந்து, சீந்தில் பொடி, "லிவர் டானிக்" எதுவும் வேண்டாம்.

இளநீர் தென்னை ஊரில் மருந்து மாதிரி. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றும். மாற்றுக்கு முன் வயிற்று நீருக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் அப்படியே. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் இளநீரும் ஏத்தன் பழமும்.

மீன் சாப்பிடலாம், நன்றாக வெந்த மீன். சிப்பியை அரைவேக்காட்டில் தொடவே கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி கல்லீரல் நோயாளிகளுக்கு உயிர்க்கொல்லி. சிப்பி வழியாகவும் வரும், காலில் உள்ள புண் வழியாகவும் வரும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல் தொழிலாளிகள், சிரோசிஸ் இருந்தாலும் மாற்று முடிந்தவர் என்றாலும், புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம். வயல், ரப்பர் தோட்டத்தில் வேலை என்றால் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. பூட்ஸ், கையுறை போடுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயிற்று நீர் உள்ளவர்களுக்குக் கருவாடு, ஊறுகாய், பப்படம் கூடாது.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் கருப்பது, மாத்திரை தங்காத வாந்தி: மையத்துக்கு உடனே போன்.

கொடையாளரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அவர் இரண்டு மூன்று மாதம் தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது. அதை வீட்டில் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் கிளம்புங்கள். முந்தின இரவு போட்ட மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் எண் சரியாக வரும். மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்ததும் லேப் வாசலிலேயே போட்டுவிடலாம்.